ஆவுடை அடுக்கிய கல்

இன்னும் காணோம். கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்ததில் ஆவுடைத்தாய்க்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம், வந்த வழியில் அந்த மனுஷனுடைய வெள்ளைத் தொப்பி தென்படவில்லை. தென்பட்டதெல்லாம் பாறை. எங்கே திரும்பினாலும் பாறை, செங்கல் சூளையைப் பிரித்துக் கொட்டின மாதிரி சிவப்புப் பாறை, அதற்கு மேலே ஒரு பொட்டு மேகம் இல்லாத வானம். தலைக்கு மேலே அந்தப் பெரிய வளைவு நிற்கிறது, இதைப் பார்க்கத்தானே விடியக்காலையில் கிளம்பி, காரில் உட்கார்ந்து இடுப்பு மரத்து, அப்புறம் வெயிலில் இவ்வளவு தூரம் ஏறி வந்தது, மலையின் நடுவை மட்டும் காற்றும் மழையும் தின்றுவிட்டு ஓரத்தை மிச்சம் வைத்திருக்கிறது, ஓட்டை வழியாக அந்தப் பக்கத்து ஆகாசம் தெரிகிறது, உலகத்து ஜனம் எல்லாம் அதன் கீழே நின்று போட்டோ எடுக்கிறது. ஆவுடை இன்னும் அதைச் சரியாக நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாத்திரை என்கிட்டே அல்லவா இருக்கு. எதை நினைத்தாலும் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது மதுரை டாக்டர் கண்ணாடிக்கு மேலே பார்த்துச் சொன்னார், இது நாக்குக்கு அடியில வைக்கிறதும்மா, எப்பவும் இவர் சட்டைப் பையிலேயே இருக்கணும். கேட்டுக்கொண்டாள்தான். ஆனால் சட்டைப் பையில் வைத்தால் சட்டையோடு சேர்த்துத் துவைக்கப் போடுகிற ஆளாயிற்றே. அவர் சாவி, அவர் கண்ணாடி, அவர் பஸ் டிக்கெட், எல்லாம் கல்யாணமான நாளிலிருந்து அவள் பையில்தான் குடியிருக்கிறது, மாத்திரையும் அங்கே வந்து சேர்ந்துகொண்டது. இப்போது பை இங்கே இருக்கிறது, நெஞ்சு அங்கே எங்கேயோ வந்துகொண்டிருக்கிறது.

விட்டுவிட்டு முன்னாலே நடந்தது தப்புதான். தப்பா? தப்பென்ன தப்பு, பேசின பேச்சுக்கு. காரில் வரும்போது சுகந்தி, அவர்களுடைய ஒரே மகள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், கடைக்குப் போய்விட்டு வருகிற சேதியைச் சொல்வதுபோல மெல்லச் சொன்னாள், "ஊருக்குத் திரும்புற டிக்கெட்டக் கேன்சல் பண்ணிரவாப்பா? ரெண்டு பேரும் இங்கேயே இருந்துருங்களேன். பெரிய வீடாப் பாத்துக்கலாம்." அந்தப் பிள்ளை அதைச் சொல்ல எத்தனை நாள் வாய்க்குள்ளே போட்டு உருட்டியிருக்கும், பெற்றவளுக்குத் தெரியாதா. கல்யாணம் என்று ஒன்று நடந்து, அது சரிப்படாமல் முறிந்து, இப்போது மூன்றாவது மாடியில் ஒற்றை ரூமில் கிடக்கிறாள், அந்தியில் வேலை முடிந்து வந்தால் லைட்டைப் போட்டு வைக்க ஓர் ஆள் கிடையாது. இந்த அஞ்சாறு மாசம்தான் அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்கள் என்று கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. ஆவுடை சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் முன் சீட்டிலிருந்து அவர், கொண்டல்சாமி, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார், "நீ வேணா இரு. நான் போறேன்." மகளிடம் இல்லை, அவளிடம். நீ வேணா இரு. எனக்கு முறுக்கு வேண்டாம், நீ வேணா தின்னு என்பது மாதிரி. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளை ஒரு வாய் முறுக்காக்கிவிட்டாரே பாவி மனுஷன். அதனால்தான் கார் நின்றதும் கதவைத் திறந்துகொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள். வழி தெரியுமா தெரியாது, முன்னாலே ஒரு கூட்டம் போய்க்கொண்டிருந்தது, அந்த முதுகுகளைப் பிடித்துக்கொண்டே ஏறினாள். பின்னால் அவர் குரல் கேட்டது, "நீங்க போங்க, நான் மெல்ல வாரேன்." மெல்ல வாரவர் வரட்டும் என்று இருந்தாள். இப்போது மெல்ல என்றால் எவ்வளவு மெல்ல என்று தெரியாமல் வழியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சுகந்தி கொஞ்ச நேரம் அப்பாவோடு நின்று பேசிவிட்டு, வேகமாக ஏறி வந்து அம்மாவைப் பிடித்துவிட்டு, அப்பா வந்துருவாங்க, நான் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துர்றேன் என்று பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு இது பழகின இடம், மூன்று நான்கு தடவை வந்திருக்கிறாள், தனியாக.

வருவார். வராமல் எங்கே போவார். மில்லில் ஃபிட்டராக இருந்த உடம்பு, அறுபது கிலோ மோட்டாரைத் தோளில் தூக்கின உடம்பு என்று அவரே சொல்லிக்கொள்வார், ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் மோட்டார் கொஞ்சம் கனம் கூடும். சாமியிடம் வேண்டிக்கொண்டுதானே வந்திருக்கிறாள். வெறும் கையோடா ஏறி வந்தாள்? வழியிலே அந்தக் கல் அடுக்கைப் பார்த்ததும் ஆவுடைக்குக் கோபத்திலும் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. அட, இங்கேயுமா! கீழே பெரிய கல், அதற்கு மேலே அதைவிடச் சின்னது, அதற்கு மேலே இன்னும் சின்னது, ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறார்கள். கொஞ்ச தூரம் போனால் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. வெள்ளைக்காரனும் வாடகை வீட்டில்தான் கிடந்து சீரழிகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். சதுரகிரி மலையில் பார்த்தது அப்படியே கண் முன்னே வந்தது. தாணிப்பாறையிலிருந்து ஏறுகிற வழி நெடுக, மரத்தடியிலும் பாறை மேலும் இப்படித்தான் குட்டிக் குட்டியாக அடுக்கி வைத்திருப்பார்கள், சொந்த வீடு வேண்டுமென்று வேண்டிக்கொண்டு அடுக்குவது, கல் விழாமல் நின்றால் வீடு நிற்கும். கல்யாணமாகி முதல் ஆடி அமாவாசைக்கு அங்கே போனார்கள். அவர் வர மாட்டேன் என்றார். சங்கத்து ஆள், சிவப்புத் துண்டு, சாமி பூதம் ஒன்றும் ஆகாது. அப்புறம் என்ன நினைத்தாரோ, "மலையப் பாக்க வாரேன், மகாலிங்கத்தப் பாக்க இல்ல" என்று கண்டிஷன் போட்டுக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டதும் அவர்தான், யாராவது தெரிந்தவர் வந்தால் சட்டென்று கையை விட்டதும் அவர்தான். சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். ஒரே டம்ளரில். அந்தச் சூடு இப்போதும் உதட்டில் இருக்கிறது, பொய் இல்லை. அவள் தாவணிப் பிள்ளை மாதிரி ஓடியோடிக் கல் பொறுக்கினாள், தட்டையான கல்லாகத் தேடித் தேடி. அவர் பக்கத்துப் பாறையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஏளா, எத்தன மாடி? மச்சுக்குப் படி உள்ளயா வெளியயா? இஞ்சினியருக்குச் சம்பளம் யாரு குடுக்கது?" என்று கேலி பண்ணினார். "கல்ல அடுக்குனா வீடு வருமாக்கும், போனஸ் வந்தாத்தான் வரும்" என்றார். போனஸும் வந்தது, வீடும் வந்தது, எது எதால் வந்தது என்று இருவரும் இன்றைக்கு வரைக்கும் ஒத்துக்கொண்டது கிடையாது.

அதற்கு முன்னாலே பட்ட பாடு கொஞ்சமா. ராஜபாளையத்தில் மில்லுக்குப் பின்னாலே ஒரு காம்பவுண்டு, எதிரும் புதிருமாக வீடுகள், வீடென்றா சொல்வது, ஆளுக்கு ஒரு அறை, நடுவில் ஒரு அடிபம்பு, கோடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒரு கக்கூஸ். காலைச் சங்கு ஊதுவதற்கு முன்னாலே சொம்பைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும், புதுப்பெண் என்றால் எல்லாப் பெண்களும் மேலும் கீழும் பார்ப்பார்கள், கூச்சத்தில் செத்துப் பிழைக்க வேண்டும். வீட்டுக்காரம்மா ஒன்பது மணிக்கு மெயினை அமர்த்திவிடுவாள். இரண்டாவது குடம் தண்ணீர் எடுத்தால் என்ன உங்க வீட்ல யானை கட்டியிருக்கா என்பாள். ஆணி அடிக்கக் கூடாது, அம்மி நகர்த்தக் கூடாது, சிரிக்கக் கூடாது என்றுதான் சொல்லவில்லை. ஆனாலும் அந்த அறையில் என்ன சிரிப்புச் சிரித்தோம். நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ராத்திரி ஷிப்ட் முடிந்து அவர் தலையெல்லாம் பஞ்சுத் துகளோடு வருவார், அவள் தலையைத் தட்டிவிடுவாள், பஞ்சு பறந்து விளக்கு வெளிச்சத்தில் சுற்றும், பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் வேறு வீடு, வேறு வீடு, ஒவ்வொன்றிலும் சுகந்தியின் உயரத்தைச் சுவரில் கோடு போட்டு வைத்தார், காலி பண்ணும்போது அந்தக் கோட்டைச் சுண்ணாம்பு அடித்து மறைக்கச் சொன்னார்கள். கடைசியில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் சொந்தமாக ஒன்று எழும்பியது. பால் காய்ச்சிய அன்றைக்கு அவர் வீட்டுக்குள்ளே ஒவ்வொரு அறையாகப் போய் சுவரில் ஆணி அடித்தார். எதை மாட்ட என்று கேட்டாள். "ஒண்ணும் மாட்ட வேண்டாம், அடிக்கணும்" என்றார். அந்த வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. அந்த வீட்டுக்குத்தான் போகிறேன் என்கிறார், ஆணி அடித்த வீடு, அவருக்கு அது வேண்டியிருக்காதா, அதையும் யோசிக்கத்தான் வேண்டும். யோசிக்கிறேன், யோசிக்கிறேன், ஆனால் நீ வேணா இருன்னா என்ன அர்த்தம்.

அதனால்தான் அவளும் அடுக்கினாள். பாறைச் சரிவு இடது பக்கமாகத் திரும்பி மேலே ஏறுகிற இடத்தில், முன்னால் போன கூட்டம் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தது. வலது பக்கம் முறுக்கிக்கொண்டு ஒரு மரம், அதன் அடியில் கொஞ்சம் நிழல், இலையைக் கசக்கினால் மருக்கொழுந்தும் கற்பூரமும் கலந்தது போல ஒரு வாசனை. இடம் நன்றாக இருந்தது. கல்லும் கிடந்தது, தட்டை தட்டையாக, அடுக்குவதற்கென்றே செய்து போட்டது போல. முட்டி மடங்காது என்று தினமும் சொல்கிறவள் அங்கே எப்படி உட்கார்ந்தாள், எப்படிப் பொறுக்கினாள் என்று தெரியவில்லை, கை தானாக வேலை செய்தது. இந்த ஊருக்கு எந்தச் சாமி பொறுப்பு என்று தெரியாததால் மகாலிங்கத்தையே கூப்பிட்டாள். அப்பா, மூணு பேருக்கும் ஒரு வீடு. அவ்வளவுதான் கேட்டாள். மேல் கல்லை வைத்துவிட்டுக் கையை எடுத்தபோது அது ஆடவில்லை, அசையவில்லை, நின்றது. நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, கூட்டம் கிளம்பவும் பின்னாலே ஏறி வந்துவிட்டாள். அப்போது கோபம்கூடப் பாதி போய்விட்டது. அப்போதே கொஞ்சம் நின்றிருக்கலாம். அவர் வருகிற வரைக்கும் அந்த மரத்தடியில் இருந்திருக்கலாம், வந்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாவது கூட நடந்திருக்கலாம். நிற்கவில்லை. ஒரு அண்டங்காக்கை வளைவின் உச்சியில் வந்து உட்கார்ந்து கத்தியது, விருந்தாளி வருவதற்கா வேறு எதற்கா. சீ, காக்கை கத்தும், அது வாய், அது கத்தும். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் அவளைப் பார்த்துச் சிரித்து என்னவோ சொன்னாள், ஆவுடையும் சிரித்துவைத்தாள், சிரித்த வாய் மூடுவதற்குள் ஆஸ்பத்திரி வராண்டா வந்துவிட்டது, டெட்டால் வாசனை, பெஞ்சு, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் கால் இரண்டும் மட்டும் தெரிந்தது, பாதம் வெளிறி. அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு அவள் எவ்வளவு நேரம் இருந்தாள். வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். வெள்ளைத் தொப்பி. வெள்ளைத் தொப்பி ஒன்று வருகிறது. இல்லை, அது வேறே யாரோ, நாயைப் பிடித்துக்கொண்டு, இல்லை நாய்கூட இல்லை, பை.

சுகந்தி பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள், முகமெல்லாம் வெயில் சிவப்பு. "அப்பா இன்னும் வரலையா?" என்றாள். "வரலியே தாயி, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றாள் ஆவுடை. "மெல்ல வருவாங்கம்மா. வழி தப்பவே முடியாது. கல்லு அடுக்கி வச்சிருக்கில்ல, அதைப் பாத்துக்கிட்டே வந்தா நேரா இங்கதான்." "எந்தக் கல்லு?" "வழியெல்லாம் பாத்தேல்ல? பாறையில கால் தடம் விழாதும்மா, அதனால இந்த இடத்தைப் பாத்துக்கிற பார்க்கு ஆளுங்க அங்கங்க கல்லை அடுக்கி அடையாளம் வச்சிருக்காங்க. ஒண்ணுலேருந்து அடுத்ததுக்கு நடக்கணும். அப்பாகிட்ட அதைச் சொல்லிட்டுத்தான் வந்தேன். கல்லைப் பாத்து வாங்கப்பான்னு." அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள். ஆவுடைக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. கல்லைப் பாத்து வாங்கப்பா. கல்லைப் பாத்து. அப்படியானால் அது வேண்டுதல் இல்லை. வீடு இல்லை. கல்லைப் பாத்து வாங்கப்பா. அப்படியானால் அந்த மரத்தடியில் நிற்கிற ஒன்று, நல்ல அகலமாக அடி வைத்து, விழாமல் ஆடாமல், எல்லாவற்றையும்விட லட்சணமாக நிற்கிற அந்த ஒன்று. நெஞ்சு குளிர்ந்துபோயிற்றே, அந்த ஒன்று. சொல்லாமல் இருந்துவிடலாமா, ஒருவேளை அவர் அதைக் கவனிக்காமல் வந்துவிடுவார், இப்போதே வந்துவிடுவார், மகளிடம் எதற்குத் திட்டு வாங்க வேண்டும், சதுரகிரி அவளுக்கு எங்கே புரியப்போகிறது. வாய்தான் கேட்கவில்லை. "நானும் ஒண்ணு அடுக்கி வச்சேன் தாயி" என்று அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. "எங்கே?" "அந்த மரத்தடியில. வலது பக்கமா." "எதுக்கும்மா?" "வீட்டுக்கு." "எந்த வீட்டுக்கும்மா?" என்று கேட்ட சுகந்தியின் முகத்தில் வெயில் சிவப்பு அப்படியே இறங்கிப்போனது. "ஐயோ அம்மா, அந்தப் பக்கம் சரிவும்மா. சறுக்கிக்கிட்டே போய் அப்படியே முடிஞ்சிரும், கீழ ஒண்ணுமே இல்ல." போனை எடுத்துப் பார்த்தாள், டவர் இல்லை, பையை முதுகில் மாட்டக்கூட நிற்காமல் ஓடினாள்.

ஆவுடையும் ஓடினாள். ஓட்டமா அது, உட்கார்ந்தும் எழுந்தும், கையை ஊன்றியும், மகள் வாங்கிக் கொடுத்த ஷூ பாறையைக் கவ்வக் கவ்வ, கைப்பை விலாவில் அடிக்க அடிக்க. மாத்திரை உள்ளே குலுங்கியது. ஏங்க! என்று கத்தினாள். பாறை வாங்கிக்கொண்டு நாலு பக்கமும் ஏங்க ஏங்க என்று திருப்பிக் கொடுத்தது. வந்த வழியில் இத்தனை கல் அடுக்கா இருந்தது, ஏறும்போது அழகாக இருந்ததெல்லாம் இப்போது ஒவ்வொன்றும் அவளைத் திட்டுகிறது. நான் போறேன் என்று சொன்னாரே. போறேன் என்றா சொல்வது, போய்ட்டு வாரேன் என்றல்லவா சொல்ல வேண்டும், மில்லுக்குப் போகும்போது ஒரு நாளாவது போறேன் என்று சொல்லியிருப்பாரா. நீ வேணா இரு, நான் போறேன். மகாலிங்கம், எனக்கு வீடும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வாடகை அறை போதும், பொதுக் கக்கூஸ் போதும், வரிசையில் நிற்கிறேன், அந்த மனுஷன் தலையில் பஞ்சைத் தட்ட ஒரு அடி இடம் போதும். திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா வேண்டுதலை, கடைக்காரனிடம் சாமானைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. மரம் தெரிந்தது. சுகந்தி அதற்கு முன்னாலேயே நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அப்பா அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், பிறகு சரிவின் மேல் விளிம்பை ஒட்டி இடப்பக்கமாக ஓடினாள். கல் அடுக்கு நின்றது, சொன்ன சொல் தவறாமல். அதைத் தாண்டி மண்தரை, கறுப்பாகப் பொருக்குத் தட்டின மண், அதில் உயிர் இருக்கிறது, மிதித்தால் செத்துவிடும், மறுபடி வளர எத்தனையோ வருஷம் ஆகும் என்று சுகந்தி காரில் சொல்லிக்கொண்டு வந்தாள். உயிர் இருந்தால் இருக்கட்டும், எனக்கு என் உயிர் வேண்டும். மிதித்துக்கொண்டே போனாள். பாறை ஒன்று மறைத்தது. அதைச் சுற்றினாள்.

இருந்தார். சின்னதாக இன்னொரு ஓட்டை அங்கே, ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு குட்டி வளைவு, போர்டு இல்லை, பேர் இல்லை, போட்டோ எடுக்க ஆள் இல்லை. அதன் நிழலில் தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிவிட்டு, ஒரு ஷூவைக் கவிழ்த்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார் கொண்டல்சாமி. அவருக்குப் பத்தடிக்கு அப்பால் பாறை வழுவழுவென்று சரிந்து, அதற்கப்புறம் வெறும் ஆகாசம். ஆவுடையைப் பார்த்ததும், "என்னளா, இப்படி மூச்சு வாங்குது ஒனக்கு?" என்றார். அவ்வளவுதான், அவளுக்கு வந்ததே ஆத்திரம்.

"காது அடைச்சா போச்சு? தொண்டை கிழியக் கத்துறேன், ஏன்னு ஒரு வார்த்தை வரல?"

"கேட்டுது. இந்தப் பாறையில ஒரு தடவ கேக்குது, அந்தப் பாறையில ஒரு தடவ கேக்குது. நீ எந்தப் பக்கம் நிக்கேன்னு தெரியல. நானும் ஏளான்னு கொரல் குடுத்தேன், அதுவும் திரும்பி எங்கிட்டயே வந்துது. சரி, நடமாடாம ஒரே எடத்துல இருப்போம்னு உக்காந்துட்டேன்."

"வாயத் தொறங்க." மாத்திரையை எடுத்துவிட்டாள். "நெஞ்சு வலிக்குதா? வேர்க்குதா?"

"ஒண்ணும் வலிக்கல. மண்ணுதான் குத்துது." மாத்திரையை வாங்காமல் அவள் கையையே பிடித்துக்கொண்டார். பக்கத்தில் உட்காரவைத்தார்.

"மேல அத்தன பேரு போறது தெரியல? இங்க எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டவளுக்குப் பாதியிலேயே குரல் உடைந்தது. "என்னாலதான். நான் வச்ச கல்லப் பாத்துட்டு, வழின்னு நெனச்சு..."

"வழின்னு யாரு நெனச்சா?" என்றார். "சுகந்தி சொன்ன கல்லு தெரியும்லா எனக்கு. ஒழுங்கா மேல போகுது. ஒன் கல்லும் தெரியும். நீ இந்தப் பக்கம் வந்திருக்கேன்னுதான் வந்தேன்."

"என் கல்லுன்னு எப்படித் தெரியும்?"

"பக்கத்துல கக்கூஸ் இருக்கே."

ஆவுடைக்கு விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது, விளங்கினதும் சதுரகிரி மரத்தடி முழுசாக வந்துவிட்டது, இத்தனை வருஷமாக அதில் பாதியைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எல்லாக் கல்லையும் அடுக்கி முடித்துக் கும்பிடப் போகிறாள், பாறையிலிருந்து இவர், "மச்சு வச்ச, மாடி வச்ச, கக்கூஸ மறந்துட்டியேளா, நாளைக்கும் வரிசையிலயா நிக்கப்போற?" என்கிறார். ஏறுகிற ஜனமெல்லாம் திரும்பிப் பார்க்கிறது. மானம் போய்விட்டது அவளுக்கு. முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே ஒரு சின்னக் கல்லைப் பொறுக்கி, அடுக்குக்குப் பக்கத்தில் தள்ளி, தனியாக வைத்தாள். அது மறந்தே போயிற்று. இன்றைக்குக் காலையிலும் வைத்திருக்கிறாளா? கையைப் பார்த்தாள். இந்தக் கை வைத்திருக்கிறது, அவளைக் கேட்காமலே.

"ஒன்னத் தவிர ஒலகத்துல எவ சாமிகிட்டக் கக்கூஸு கேப்பா?" என்றார் அவர். "அந்தக் கல்லுங்க மேல வான்னு கூப்புடுது. ஒன் கல்லு இங்க வான்னு கூப்புடுது. நான் இங்க வந்தேன்."

அவள் மாத்திரையைப் பைக்குள் திரும்ப வைத்தாள். நீ வேணா இருன்னு சொன்னீங்களே என்று கேட்க நினைத்ததும் அதோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. குட்டி வளைவுக்குள்ளிருந்து காற்று வந்தது, நல்ல குளிர்ச்சியாக. அதற்குள் சுகந்தி பாறையைச் சுற்றிக்கொண்டு வந்து, இருவரையும் பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்து சின்னப் பிள்ளையாக அழுதாள். அழுது முடித்து எழுந்து, அப்பாவைத் திட்டினாள், அம்மாவைத் திட்டினாள், ஒரு பாட்டில் தண்ணீரை அப்பா குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். மூன்று பேரும் மெல்ல மரத்தடிக்குத் திரும்பினார்கள், கறுப்பு மண்ணை மிதிக்காமல், சுகந்தி காட்டின பாறை வழியாக.

"இதைப் பிரிச்சிரணும்மா" என்றாள் சுகந்தி. "வேற யாராவது பாத்துட்டு அந்தப் பக்கம் போயிருவாங்க."

ஆமாம், பிரிக்கத்தான் வேண்டும், சத்தியமாகப் பிரிக்கத்தான் வேண்டும். ஆவுடை குனிந்தாள். கை போகவில்லை. வேண்டாம் என்று சரிவில் ஓடும்போது அவளேதான் சொன்னாள், ஆனாலும் ஆடாமல் நிற்கிறதைத் தன் கையாலேயே எப்படிக் கலைப்பது. அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"எத்தன பேருக்குக் கேட்டே?"

"மூணு பேருக்கு."

"எந்த ஊர்ல?"

யோசித்துப் பார்த்தாள். ராஜபாளையம் என்றும் சொல்லவில்லை, இந்த ஊர் என்றும் சொல்லவில்லை. "ஊரு சொல்லல" என்றாள்.

கொண்டல்சாமி தலையை ஆட்டினார். முட்டி சொடுக்க, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். மேல் கல்லை எடுத்தார். எடுத்த கல்லைத் தூக்கிப் போடவில்லை, தரையில் கல் பெயர்ந்து வெளிறிக் கிடந்த பள்ளங்களைப் பார்த்து, எது எதிலிருந்து வந்தது என்று ஒத்துப் பார்த்து, அதது இடத்தில் வைத்தார், மெஷினைப் பிரித்து அடுக்குகிற ஆள் அல்லவா. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தவர், அடிக் கல் வந்ததும் கையை எடுத்துவிட்டார்.

"அதையும்ப்பா" என்றாள் சுகந்தி.

"தரையோட கெடக்க ஒத்தக் கல்லு யாரையும் இழுத்துட்டுப் போகாது" என்றார். "அஸ்திவாரமும் கக்கூஸும் கெடக்கட்டும். மிச்சத்த மூணு பேருமாக் கட்டிக்கிடலாம். நீ அந்த டிக்கெட்டு என்னமோ சொன்னியே, அதப் பண்ணிரு."